வயர்லெஸ் ஹெட்போன் பழுது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் மூன்று வகைகளைப் பற்றியது: கழுத்தில் போடும் நெக்பேண்ட், டப்பியில் வைத்துச் சார்ஜ் செய்யும் இயர்பட்ஸ், காதை மூடும் பெரிய ஹெட்போன். மூன்றிலும் அடிப்படை ஒன்றுதான். ஒரு லித்தியம் செல், ஒரு புளூடூத் போர்டு, இரண்டு ஸ்பீக்கர், இவற்றை இணைக்கும் மெல்லிய வயர்கள். வாரண்டி இருந்தால் எதையும் திறக்க வேண்டாம். பில்லோடு சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். கீழே வருவது வாரண்டி முடிந்தவற்றுக்கு.

திடீரென்று வேலை செய்யவில்லை. முதலில் எதைப் பார்ப்பது?

திருப்புளியை எடுக்கும் முன் போனைப் பாருங்கள். "கெட்டுப்போச்சு" என்று ஒதுக்கப்படுகிற ஹெட்போன்களில் கணிசமானவற்றில் கோளாறு அழுக்கு, அல்லது இணைப்புக் குழப்பம். இரண்டுக்கும் செலவே கிடையாது.

போனின் புளூடூத் பட்டியலில் ஹெட்போன் பெயரைத் தொட்டு, அந்த இணைப்பை மறக்கச் செய்யுங்கள். போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். பிறகு புதிதாக இணையுங்கள். அப்படியும் வராவிட்டால் வேறொரு போனில் இணைத்துப் பாருங்கள். அங்கே பாடினால் கோளாறு ஹெட்போனில் இல்லை. வீட்டில் இன்னொரு போனோ டிவியோ லேப்டாப்போ முந்திக்கொண்டு இணைந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. அவற்றின் புளூடூத்தை அணைத்துவிட்டுச் சோதியுங்கள்.

ரீசெட் எப்படிச் செய்வது?

கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நெக்பேண்டில் பெரும்பாலும் ஒலி கூட்டும் பட்டனையும் குறைக்கும் பட்டனையும் சேர்த்து 5 முதல் 10 விநாடி அழுத்த வேண்டியிருக்கும். இயர்பட்ஸில் இரண்டையும் டப்பியில் வைத்து, டப்பியின் பட்டனையோ பட்ஸின் தொடு பகுதியையோ அதே அளவு நேரம் அழுத்த வேண்டும். பட்டன் உள்ள ஏர்பாட்ஸ் டப்பி என்றால் பட்ஸை உள்ளே வைத்து மூடி 30 விநாடி விடுங்கள். மூடியைத் திறந்து, பின்புறப் பட்டனைச் சுமார் 15 விநாடி அழுத்துங்கள். விளக்கு ஆரஞ்சு நிறத்தில் மினுக்கிப் பிறகு வெள்ளையாகும். ரீசெட்டுக்கு முன் போனிலும் பழைய இணைப்பை மறக்கச் செய்ய வேண்டும். இதை விட்டுவிடுவதால்தான் பலருக்கு ரீசெட் பலிப்பதில்லை.

இயர்பட்ஸில் ஒரு பக்கம் மட்டும் கேட்கவில்லை.

காரணம் நான்கில் ஒன்றாக இருக்கும். இந்த வரிசையிலேயே பாருங்கள்.

முதலில் போனில் 'அணுகல்தன்மை' அமைப்புக்குள் இடது வலது சமநிலைக் கோடு இருக்கும். அது ஒரு ஓரத்துக்கு நகர்ந்திருந்தால் நல்ல ஹெட்போனும் ஒரு பக்கம் ஊமையாகும். நடுவில் வைத்துப் பாருங்கள்.

இரண்டாவது குறும்பி. காதுக்குள் போகும் முனையில் உள்ள நுண்ணிய வலையில் குறும்பி படிந்து காய்ந்தால் ஒலி கால் பங்காகக் குறைந்துவிடும், சிலவற்றில் முழுக்க நின்றுவிடும். ரப்பரைக் கழற்றி, வலை தரையைப் பார்க்கும்படி பிடித்து, உலர்ந்த மெல்லிய பல் துலக்கும் பிரஷால் மேலோட்டமாகத் தேயுங்கள். தலைகீழாகப் பிடிப்பது முக்கியம். இல்லையென்றால் உதிரும் தூள் உள்ளேயே விழும். பிடிவாதமான அழுக்குக்குச் சுவரில் படம் ஒட்டப் பயன்படும் மிருதுவான ஒட்டுக் களிமண்ணை அழுத்தி அழுத்தி எடுக்கலாம். ஊசி, குண்டூசி, ஊக்கு எதையும் கொண்டுபோக வேண்டாம். வலைக்குப் பின்னால் சில மில்லிமீட்டரில் ஸ்பீக்கரின் சவ்வு இருக்கிறது. அது கிழிந்தால் மீட்க முடியாது. ரப்பரை மட்டும் சோப்புத் தண்ணீரில் கழுவி, ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டுங்கள்.

மூன்றாவது, அந்தப் பக்கம் சார்ஜே ஏறாமல் இருப்பது. டப்பிக்குள் இருக்கும் பின்களும் பட்ஸின் பித்தளை நிறப் புள்ளிகளும் வியர்வையால் கறுத்துப்போகும். 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியை லேசாக நனைத்துத் துடையுங்கள். டப்பிப் பின்கள் ஸ்பிரிங் மேல் நிற்பவை. பல் குத்தும் மரக்குச்சியால் ஒவ்வொன்றையும் அழுத்தி, மேலே எழும்பி வருகிறதா என்று பாருங்கள். எழும்பாத பின்தான் குற்றவாளி. ஒரு சொட்டு ஆல்கஹால் விட்டு நாலைந்து முறை அழுத்தினால் பெரும்பாலும் விடுபடும். புதிதாக வாங்கியதில் இந்தச் சிக்கல் வந்தால் பட்ஸின் புள்ளிகள் மேல் கண்ணாடித் தாள் ஒட்டியிருக்கிறதா பாருங்கள். பிரிக்க மறந்துவிடுகிறோம்.

நான்காவது, இடதும் வலதும் ஒன்றையொன்று மறந்துவிடுவது. போனில் ஒரே பெயர் இரண்டு முறை தெரிந்தால் இதுதான். மேலே சொன்ன ரீசெட் இதைச் சரிசெய்யும்.

நெக்பேண்டில் ஒரு பக்கம் விட்டு விட்டு வருகிறது. வயரை வளைத்தால் பாடுகிறது.

உள்ளே வயர் அறுந்திருக்கிறது. அறுகிற இடமும் பெரும்பாலும் தெரிந்ததுதான். பட்டையிலிருந்து வயர் வெளியே வரும் இடம், அல்லது காதில் வைக்கும் பகுதிக்குள் நுழையும் இடம். இரண்டிலும் முதல் ஓரிரண்டு சென்டிமீட்டருக்குள் இருக்கும். பாட்டை ஓடவிட்டு, வயரை இரண்டு விரலால் பிடித்து கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துக்கொண்டே போங்கள். எங்கே ஒலி வந்து போகிறதோ அங்கே அறுப்பு.

சரிசெய்ய, காதுப் பகுதியின் மூடியை ஓரத்தில் நகம் போன்ற பிளாஸ்டிக் வில்லையால் நெம்பித் திறக்க வேண்டும். பசை போட்டிருந்தால் ஹேர் டிரையரால் ஒரு நிமிடம் சூடு காட்டினால் இளகும். திறந்ததும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நிற வயர் எந்தப் புள்ளியில் என்பது பிறகு நினைவில் நிற்காது. நிறங்களுக்குப் பொது விதியும் கிடையாது.

அறுந்த பகுதிக்கு அப்பால் 2 சென்டிமீட்டர் தள்ளி வெட்டிவிடுங்கள். உள்ளே இருப்பது தலைமுடி மாதிரியான செம்பு இழைகள். ஒவ்வொன்றின் மேலும் நிறப் பூச்சு இருக்கும், நடுவில் நூல் ஓடும். பூச்சு மின்சாரத்தை விடாது. அதைக் கத்தியால் சுரண்டினால் இழையே அறுந்துவிடும். சால்டரிங் அயர்னை 350 முதல் 380 டிகிரி செல்சியஸில் வைத்து, முனையில் ஒரு ஈயத் துளியை உருட்டி, கொஞ்சம் ஃபிளக்ஸ் (ஈயம் நன்றாக ஒட்ட உதவும் பசை) தடவிய இழைகளை அந்தத் துளிக்குள் மூன்று நான்கு விநாடி பிடியுங்கள். பூச்சு எரிந்து, செம்பு வெள்ளியாக மினுங்கும். அப்படி மினுங்காமல் பற்றவைத்தால் ஒட்டியது போலத் தெரியும், பாட்டு வராது. நெக்பேண்ட் பழுதில் அடிக்கடி நடக்கிற தவறு இது.

ஸ்பீக்கரில் பற்றவைக்கும்போது ஒரு விநாடிக்கு மேல் சூடு காட்டாதீர்கள். பற்றவைக்கும் முன்பே வயரில் ஒரு முடிச்சுப் போட்டு, முடிச்சு உள்பக்கம் வரும்படி விடுங்கள். இழுத்தால் முடிச்சு தாங்கும், பற்று தாங்க வேண்டியதில்லை. வெளியே சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றும் போட்டால் அதே இடம் மறுபடி அறுவது குறையும்.

வயர் மாற்றிய பிறகு பாடுகிறது, ஆனால் பாட்டில் குரல் எங்கேயோ மிதக்கிறது, பேஸ் இல்லை.

ஒரு பக்கத்தின் இரண்டு வயர்களும் இடம் மாறியிருக்கின்றன. ஒரு சவ்வு முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கிறது. ஒரு பக்கத்தில் மட்டும் மாற்றிப் பற்றவையுங்கள். இன்னொன்று: பழைய வயர் ஹெட்போன் நினைப்பில் இடது வலது இரண்டின் மைனஸையும் ஒன்றாக முறுக்கிவிடாதீர்கள். பல புளூடூத் போர்டுகளில் நான்கு முனையும் தனித்தனியாக இயக்கப்படுகின்றன. சேர்த்தால் சில்லு கெடும்.

ஸ்பீக்கர் போய்விட்டதா, வயரா, போர்டா? எப்படித் தெரிந்துகொள்வது?

சாதாரண மல்டிமீட்டர் போதும். ஹெட்போனை அணையுங்கள். ஸ்பீக்கரில் ஒரு வயரைக் கழற்றிவிட்டு, ஓம் அளவில் ஸ்பீக்கரின் இரண்டு புள்ளிகளிலும் முனைகளைத் தொடுங்கள். 16 அல்லது 32 ஓமுக்கு அருகில் காட்டி, காதில் மெல்லிய 'டிக்' கேட்டால் ஸ்பீக்கர் நலம். எல்லையில்லை என்று காட்டினால் சுருள் அறுந்துவிட்டது. அடுத்து வயரின் இரண்டு முனையிலும் தொட்டு, மின்சாரம் அறுபடாமல் போகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால், வேலை செய்கிற பக்கத்து ஸ்பீக்கரை இந்தப் பக்கத்துப் புள்ளிகளுக்கு மாற்றிப் பாருங்கள். அப்படியும் ஊமை என்றால் போர்டு.

ஒலி கரகரவென்று இருக்கிறது.

எல்லாப் பாட்டிலும் ஒரு பக்கம் மட்டும் கரகரத்தால் சவ்வின் மேல் முடியோ இரும்புத் தூளோ ஒட்டியிருக்கும். ஸ்பீக்கரில் காந்தம் இருப்பதால் பட்டறை, கட்டட வேலை நடக்கும் இடங்களில் தூளை இழுத்துக்கொள்ளும். திறந்து, ஒட்டும் டேப்பின் ஓரத்தால் தொட்டு எடுங்கள். ஊதினால் உள்ளே போகும். இரண்டு பக்கமும் சத்தம் கூட்டும்போது மட்டும் கரகரத்தால் ஈக்வலைசரில் பேஸை இறக்கிப் பாருங்கள்.

சார்ஜே ஏறவில்லை. விளக்கும் எரியவில்லை.

வேறு கேபிள், வேறு சார்ஜர். அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இரண்டு முனையும் டைப்-சி ஆன கேபிளில் ஏறாமல், ஒரு முனை பழைய அகல யுஎஸ்பி ஆன கேபிளில் மட்டும் ஏறினால் உங்கள் ஹெட்போன் கெடவில்லை. மலிவான மாடல்கள் பலவற்றில் சார்ஜ் சாக்கெட்டில் இருக்க வேண்டிய 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் இரண்டையும் போடாமல் விட்டிருப்பார்கள். அவை இல்லாவிட்டால் டைப்-சி சார்ஜர் எதிரில் ஒரு கருவி இருப்பதையே உணராது, 5 வோல்ட்டை வெளியே விடாது. அகல முனைக் கேபிளையே பயன்படுத்துங்கள்.

அடுத்து சாக்கெட்டின் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். சட்டைப் பை பஞ்சு அடைந்திருக்கும். மரக்குச்சியால் எடுங்கள். கேபிளைச் செருகி லேசாக அசைத்தால் விளக்கு எரிந்து அணைந்தால், சாக்கெட்டின் பற்று விரிசல் விட்டிருக்கிறது. ஃபிளக்ஸ் தடவி, அதன் கால்களை மறுபடி சூடுகாட்டினால் போதும்.

சாக்கெட் நன்றாக இருக்கிறது. பேட்டரி போய்விட்டதா?

மாதக்கணக்கில் சும்மா கிடந்த ஹெட்போன் என்றால் முதலில் ஒரு மணி நேரம் சார்ஜரிலேயே விட்டுவையுங்கள். செல்லின் அழுத்தம் சுமார் 3 வோல்ட்டுக்குக் கீழ் போனால் சார்ஜ் சில்லு முழு வேகத்தில் ஏற்றாது. பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தில் மெல்ல எழுப்பும். அதுவரை ஹெட்போன் இயங்காது, சிலவற்றில் விளக்கும் எரியாது. ஐந்து நிமிடத்தில் பிடுங்கிவிட்டு முடிவு கட்ட வேண்டாம்.

பிறகும் எழவில்லை என்றால் திறந்து அளக்க வேண்டும். இந்தச் செல்கள் பெயரளவில் 3.7 வோல்ட், முழுச் சார்ஜில் 4.2. செல்லின் தலையில், மஞ்சள் டேப்புக்குக் கீழே ஒரு சின்னப் பாதுகாப்புப் பலகை இருக்கும். அழுத்தம் 2.4 வோல்ட் அளவுக்கு இறங்கினால் அது செல்லைத் துண்டித்துவிடும். அப்போது சிவப்பு, கறுப்பு வயர்களில் அளந்தால் பூஜ்யம் காட்டும். டேப்பை நீக்கி, செல்லின் உலோக நாக்குகளிலேயே நேரடியாக அளந்தால்தான் உண்மை தெரியும். அங்கே 2.5 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் செல் பிழைக்கலாம். வெகுநாள் 2 வோல்ட்டுக்குக் கீழே கிடந்ததைக் கட்டாயப்படுத்தி எழுப்பாதீர்கள். உள்ளே செம்புத் தகடு கரைந்து, பிறகு சார்ஜ் ஏறும்போது உள்ளேயே குறுக்கிணைப்பாகித் தீப்பிடிக்க வழியுண்டு.

செல் உப்பியிருந்தால் அளக்கவே வேண்டாம். அழுத்தாமல், குத்தாமல் வெளியே எடுங்கள்.

மாற்றுச் செல் எப்படித் தேர்ந்தெடுப்பது?

தட்டைச் செல்லின் மேல் ஆறு இலக்க எண் இருக்கும். 401230 என்றால் தடிமன் 4.0 மில்லிமீட்டர், அகலம் 12, நீளம் 30. இந்த எண்ணைச் சொல்லி வாங்குங்கள். சென்னையில் ரிச்சி தெருக் கடைகளில் தேடலாம், இணையத்திலும் வரும். எண் அழிந்திருந்தால் அளந்து பாருங்கள். தடிமன் மட்டும் கூடக் கூடாது. மூடியை அழுத்தி மூடினால் செல் நசுங்கும். நீளம் 2 மில்லிமீட்டர் குறைந்தால் பரவாயில்லை.

கொள்ளளவு செல்லின் கன அளவைப் பொறுத்தது. மேலே சொன்ன அளவுச் செல் ஏறக்குறைய 110 மில்லி ஆம்பியர் மணி தரும். அதே அளவில் 300 என்று அச்சிட்டிருந்தால் அந்தக் கடையிலேயே வாங்காதீர்கள்.

பழைய செல்லில் 4.35 வோல்ட் என்று குறித்திருந்தால் சாதாரண 4.2 வோல்ட் செல்லைப் போடக் கூடாது. போர்டு 4.35 வரை ஏற்றும், புதுச் செல் தாங்காது. மூன்று வயர் இருந்தால் மூன்றாவது பெரும்பாலும் வெப்பம் உணரும் தெர்மிஸ்டர். பழையதிலிருந்து அதைக் கழற்றிப் புதியதில் ஒட்டுங்கள். அதற்குப் பதிலாக ஒரு ரெசிஸ்டரைப் பற்றவைத்தால் ஹெட்போன் இயங்கும், ஆனால் சூடு ஏறினால் நிறுத்த ஆளிருக்காது. காதருகில் வைக்கிற பொருளில் அந்தக் குறுக்குவழி வேண்டாம்.

வயரை வெட்டும்போது ஒன்றை வெட்டி, டேப் சுற்றி, பிறகே அடுத்ததை வெட்டுங்கள். இரண்டையும் சேர்த்து வெட்டினால் வெட்டுக்கத்தியே குறுக்கிணைப்பாகித் தீப்பொறி பறக்கும்.

இயர்பட்ஸில் இருப்பது நாணயம் போன்ற செல். 1254 என்றால் விட்டம் 12 மில்லிமீட்டர், உயரம் 5.4. அதன் உடம்பில் நேரடியாக ஈயம் வைத்தால் உள் அடைப்பு உருகும். தகடு முன்பே பற்றிய செல்லாகக் கேட்டு வாங்குங்கள். ஒரு பக்கம் மட்டும் பலவீனமாகியிருந்தாலும் இரண்டையும் மாற்றுவது நல்லது. இல்லாவிட்டால் பழையது ஆறு மாதத்தில் மறுபடி உங்களைத் திறக்க வைக்கும்.

விட்டு விட்டுக் கேட்கிறது. போனைப் பின் பாக்கெட்டில் வைத்தால் மோசம்.

புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. மனித உடம்பில் உள்ள நீர் அந்த அலையை விழுங்கும். எந்தப் பக்கத்துப் பட்ஸ் போனோடு நேராகப் பேசுகிறதோ அந்தப் பக்கத்து முன் பாக்கெட்டில் போனை வைத்துப் பாருங்கள். வைஃபையும் அதே அலைவரிசையில் இருந்தால் போனை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றுங்கள். லேப்டாப்பில் யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் செருகியிருக்கும்போது மட்டும் அறுந்தால், அந்தக் கேபிள் எழுப்பும் இரைச்சல்தான். அதைத் தள்ளி வையுங்கள். எல்டாக் போன்ற உயர்தர ஒலி முறை நொடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்பும். கூட்டமான பேருந்து நிலையத்தில் அது எளிதில் அறுந்துபோகும். இணைப்புக்கு முன்னுரிமை என்பதைத் தேர்ந்தெடுங்கள், அல்லது அடிப்படை ஒலி முறையான எஸ்பிசிக்கு மாற்றுங்கள்.

பேட்டரி மாற்றிய பிறகு தூரம் குறைந்தால், புதுச் செல்லோ அலுமினிய டேப்போ போர்டின் ஆன்டெனா மேல் படுத்திருக்கும். வளைந்து வளைந்து ஓடும் ஒரு செம்புக் கோடு, அல்லது அரிசியளவு வெள்ளைச் சில்லு, அதுதான் ஆன்டெனா. அதைச் சுற்றி உலோகம் எதுவும் வரக் கூடாது.

பாட்டு அருமை. மீட்டிங்கில் மட்டும் பழைய ரேடியோ மாதிரி கேட்கிறதே?

பழுதில்லை. ஹெட்போனின் மைக்கைப் பயன்படுத்தும் கணத்தில் இணைப்பு பாட்டு முறையிலிருந்து பேச்சு முறைக்கு மாறுகிறது. அதில் ஒலி ஒற்றைத் தடமாகி, நொடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகளாகச் சுருங்கும். லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்து, ஒலிக்கு மட்டும் ஹெட்போனை வையுங்கள். உடனே தெளியும்.

வீடியோவில் உதடும் குரலும் பொருந்தவில்லை.

புளூடூத்தில் ஒலி சற்றுத் தாமதமாக வரும். பெரும்பாலான வீடியோ செயலிகள் இந்தத் தாமதத்தைத் தாங்களே ஈடுகட்டும், விளையாட்டுகள் ஈடுகட்டாது. ஹெட்போனில் கேமிங் முறை இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் வயர்தான்.

சத்தம் மிகக் குறைவாக இருக்கிறது.

குறும்பியைப் பார்த்தாகிவிட்டது என்றால், ஆண்ட்ராய்டில் டெவலப்பர் அமைப்புக்குள் 'அப்சல்யூட் வால்யூமை முடக்கு' என்பதை இயக்கி, மறுபடி இணைத்துப் பாருங்கள். போனின் ஒலியும் ஹெட்போனின் ஒலியும் தனித்தனியாகப் பிரியும், இரண்டையும் கூட்டலாம்.

மழையில் நனைந்துவிட்டது. அரிசியில் போடலாமா?

வேண்டாம். அரிசி உள்ளிருக்கும் நீரை இழுக்காது, மாவுத்தூள்தான் ஓட்டைகளில் அடையும். உடனே அணைத்து, சார்ஜில் போடாமல், ஓட்டைகள் கீழே இருக்கும்படி மின்விசிறிக்கு நேரே ஒரு நாள் வையுங்கள். திறக்கத் தெரிந்தால் திறந்து செல்லைக் கழற்றி, போர்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் பிரஷ் போட்டுக் கழுவுங்கள்.

மழையைவிடக் கொடியது வியர்வை. அதிலுள்ள உப்பு செம்பின் மேல் பச்சைக் களிம்பாகப் பூக்கும், நாளாக நாளாகத் தின்றுகொண்டே இருக்கும். ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும் என்று பொருள். ஐபிஎக்ஸ்7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். இரண்டு சோதனையும் நல்ல தண்ணீரில் செய்வது. உப்புநீருக்கோ சோப்புநீருக்கோ அதில் உத்தரவாதம் இல்லை. ஒருமுறை திறந்து மூடிய கருவியில் அந்தத் தரம் போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய ஹெட்போனில் மெத்தையின் தோல் செதில் செதிலாக உரிகிறது.

அது செயற்கைத் தோல். வியர்வையும் ஈரக்காற்றும் அதன் பூச்சைச் சிதைக்கின்றன. ஒட்டுப்போட்டுப் பயனில்லை, மெத்தையை மாற்றுங்கள். பல மாடல்களில் விளிம்பை இழுத்தாலே கழன்றுவரும், சிலவற்றில் சற்றுத் திருக வேண்டும். தடிமன் மாறினால் பேஸும் மாறும் என்பதால் உங்கள் மாடலுக்கான மெத்தையையே வாங்குங்கள். இரைச்சல் நீக்கும் வசதி உள்ளவற்றில் இது இன்னும் முக்கியம். மெத்தை சரியாகப் பதியாவிட்டால் விசில் சத்தம் வரும்.

என்னென்ன கருவிகள் வேண்டும்?

வெப்பம் மாற்றக்கூடிய சால்டரிங் அயர்ன், 0.6 மில்லிமீட்டர் ஈயக் கம்பி, ஃபிளக்ஸ், மல்டிமீட்டர், சின்ன நட்சத்திரத் திருப்புளி, இரண்டு பிளாஸ்டிக் வில்லை, வெப்பம் தாங்கும் மஞ்சள் டேப், மூடியை ஒட்ட பி-7000 பசை. பசை முழுக்க இறுக 24 முதல் 48 மணி நேரம் ஆகும். அதுவரை ரப்பர் பேண்ட் சுற்றி வையுங்கள். சூப்பர் குளூ வேண்டாம். அதன் ஆவி ஸ்பீக்கர் சவ்வில் வெள்ளையாகப் படியும், அடுத்த முறை திறக்கவும் விடாது.

எதைப் பழுது பார்க்கவே முடியாது?

புளூடூத் சில்லே எரிந்தது, போர்டு முழுக்கக் களிம்பேறியது, மூடி மீயொலியால் உருக்கி ஒட்டப்பட்ட மிகச் சிறிய பட்ஸ். ஒரு பட்ஸ் தொலைந்துபோனால் அதே மாடலின் ஒற்றைப் பட்ஸ் கிடைத்தால்தான் ஜோடி சேரும், அதுவும் எல்லா மாடலிலும் சேராது.

பழைய செல்லை என்ன செய்வது?

குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். குப்பை வண்டி நசுக்கும்போது அது தீப்பற்றும். தூய்மைப் பணியாளர் கையருகில் நடக்கிற விபத்து அது. இரண்டு முனையிலும் தனித்தனியாக டேப் ஒட்டி, பிளாஸ்டிக் டப்பியில் போட்டு, மின்கழிவு வாங்கும் மையத்தில் கொடுங்கள். உப்பிய செல் என்றால் கொடுக்கும்வரை வீட்டுக்கு வெளியே, வெயில் படாத இடத்தில், உலர்ந்த மணல் உள்ள தகரத்தில் வையுங்கள்.